நாரி, தோள், முழங்கால்: வாவிக்கரை மக்களின் நோவும் வீட்டிலேயே செய்யக்கூடிய பயிற்சிகளும்

மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் நோவோடு வேலைக்குப் போகிறவர்கள் அதிகம். விடியற்காலையில் தோணியில் நின்று வீச்சுவலை எறிகிறவருக்குத் தோள்மூட்டில் நோவு. படுவான்கரை வயல்களில் மருந்துத் தாங்கியை முதுகில் சுமந்து நடப்பவருக்கு நாரியில் நோவு. நிலத்தில் இருந்து பாய் இழைக்கும் அம்மாவுக்கு முழங்காலில் நோவு. தையல் இயந்திரத்தின் முன்னால் பகல் முழுவதும் இருக்கும் பெண்ணுக்குக் கழுத்திலும் மணிக்கட்டிலும் நோவு.

இவற்றின் மேல் போர் விட்டுச்சென்ற காயங்களும் இருக்கின்றன. 1990களில் இருபது வயதில் செல் வீச்சில் காயப்பட்டவருக்கு இப்போது ஐம்பது வயதை அண்டிவிட்டது. ஒரு காலை இழந்தவர் முப்பது வருடங்களாக மற்றக் காலிலேயே முழுப் பாரத்தையும் போட்டு வந்திருக்கிறார். காயம் ஆறியது, ஆனால் அந்தக் காயத்தை ஈடுசெய்து உழைத்த மூட்டுகள் இப்போது தேய்கின்றன. வீட்டில் உழைக்கக்கூடிய ஒரே ஆள் அவராக இருந்தால், அந்த நோவு முழுக் குடும்பத்தின் சோற்றையும் தொடுகிறது.

நோவு வந்தால் எமது ஊர்களில் இரண்டு பேச்சுக்கள் கேட்கும். ஒன்று, "படுத்துக் கிட, மாறும்." மற்றது, "அசைத்தால் கூடும்." எலும்பு முறிவிலும் புதிய காயத்திலும் இவற்றில் உண்மை உண்டு. ஆனால் மாதக்கணக்கில் தொடரும் பெரும்பாலான தசை, மூட்டு நோவுகளில் இவை இரண்டும் ஆளைப் பலவீனப்படுத்துகின்றன. உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் நாட்பட்ட நாரி நோவுக்கென முதலாவது வழிகாட்டலை வெளியிட்டது. 2020இல் உலகில் சுமார் 619 மில்லியன் மக்களுக்கு நாரி நோவு இருந்ததாக அந்த நிறுவனம் கூறுகிறது. நோயாளிக்கு விளக்கம் கொடுத்தல், ஒழுங்கான உடற்பயிற்சி, சில கைமுறைச் சிகிச்சைகள், உளவியல் ஆதரவு ஆகியவற்றை அது பரிந்துரைத்தது. இடுப்புப் பட்டியையும், இழுவைச் சிகிச்சையையும், அபின் வகை நோவு மருந்துகளையும் வழமையான சிகிச்சையாகப் பரிந்துரைக்கவில்லை.

பிசியோதெரபி என்று நாம் சொல்லும் இயன் மருத்துவத்தின் அடிப்படையும் இதுதான்: அளவோடு தொடங்கி, படிப்படியாகக் கூட்டி, உடலை மீண்டும் வேலைக்குப் பழக்குவது. வைத்தியசாலையில் கழியும் நேரம் அரை மணித்தியாலம். மிகுதிச் சிகிச்சை வீட்டில்தான் நடக்கிறது. அந்த மிகுதிக்கு உதவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில்: எப்போது பயிற்சி செய்யக்கூடாது?

கீழுள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் பயிற்சியைத் தொடங்க வேண்டாம். வைத்தியரிடம் போக வேண்டும்.

நாரி நோவோடு சிறுநீர் அல்லது மலம் கட்டுப்பாடின்றிப் போதல், சிறுநீர் போகாமல் அடைத்தல், தொடைகளின் உட்பக்கமும் மலவாசலைச் சுற்றியும் விறைத்தல், கால்கள் பலமிழத்தல். இது முள்ளந்தண்டு நரம்புகள் நசுங்குவதன் அறிகுறி. மணித்தியாலங்கள் முக்கியம். 1990 சுவசெரிய அம்புலன்ஸ் சேவையை இலவசமாக அழைக்கலாம்.

விழுந்த பின் அல்லது விபத்தின் பின் அந்த மூட்டில் பாரம் வைக்க முடியாமை, கோணல், கடும் வீக்கம்.

நோவோடு காய்ச்சல், காரணமில்லாமல் மெலிதல், இரவில் எப்படிப் படுத்தாலும் குறையாத நோவு. முள்ளந்தண்டில் காசநோயும் இப்படித் தொடங்கலாம். முன்னர் புற்றுநோய் இருந்தவர்கள் புதிய எலும்பு நோவைப் பொருட்படுத்தாமல் விடக்கூடாது.

ஒரு மூட்டு மட்டும் திடீரெனச் சிவந்து, சுட்டு, வீங்குதல். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி நோதல்.

இடது தோளுக்கோ கைக்கோ பரவும் நோவோடு நெஞ்சு இறுக்கம், வியர்வை, மூச்சுத் திணறல். இதைத் தசைப்பிடிப்பு என்று எண்ணி எண்ணெய் பூசிக்கொண்டு இருக்கக்கூடாது.

வயலிலும் நீரிலும் வேலை செய்வோருக்கு இன்னொன்று. காய்ச்சலோடு கெண்டைக்காலிலும் நாரியிலும் கடும் உளைவு, கண் சிவத்தல், சிறுநீர் குறைதல் என்பன எலிக்காய்ச்சலாக இருக்கலாம். "வயல் வேலை செய்த உளைவு" என்று இரண்டு நாள் பார்த்திருப்பது சிறுநீரகத்துக்கும் உயிருக்கும் ஆபத்து. வைத்தியரிடம் வயலில் இறங்கியதைக் கட்டாயம் சொல்லுங்கள். வயல் வேலை தொடங்கும் முன் தடுப்பு மருந்து பற்றி உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்கலாம்.

நோவு ஏன் நீடிக்கிறது?

பெரும்பாலான தசை, தசைநார் காயங்கள் ஆறு முதல் பன்னிரண்டு வாரங்களில் ஆறிவிடும். அதன் பிறகும் நோவு தொடர்ந்தால், அந்த இடம் இன்னும் கிழிந்திருக்கிறது என்று பொருளல்ல. பயன்படுத்தாத தசை மெலிகிறது, மூட்டு இறுகுகிறது. நரம்பு மண்டலமும் காவல்நாய் போல உசாராகி, சிறிய அசைவுக்கும் குரைக்கத் தொடங்குகிறது. நித்திரையின்மை, கடன் கவலை, காணாமல் போனவரைப் பற்றிய ஏக்கம், பழைய பயங்கரங்களின் நினைவு ஆகியவை அந்த உசாரைக் கூட்டும். இதனால் நோவு "மனப்பிரமை" ஆகிவிடாது. அது உண்மையான நோவு. உடலையும் மனதையும் சேர்த்துப் பார்த்தால்தான் குறையும் நோவு.

எந்தப் பயிற்சிக்கும் பொருந்தும் ஓர் அளவுகோல் இருக்கிறது. நோவே இல்லாத நிலை 0, தாங்கவே முடியாத நோவு 10 என்று வையுங்கள். பயிற்சியின்போது நோவு 3 அல்லது 4 வரை வரலாம், அது சேதமல்ல. அடுத்த நாள் காலை பழைய நிலைக்கு வந்துவிட்டால் அந்த அளவு சரி. வராவிட்டால் பயிற்சியை விட்டுவிட வேண்டாம், எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள். நல்ல நாளில் இரண்டு மடங்கு செய்து, அடுத்த மூன்று நாள் படுத்துக் கிடப்பதுதான் பலர் விடும் பிழை.

நாரி நோவு

நிரம்பிய 16 லீற்றர் மருந்துத் தாங்கி 16 கிலோவுக்கும் மேல் பாரமானது. நெல் மூடை அதைவிடப் பல மடங்கு. ஒரு வளர்ந்த ஆண் வழமையாகக் கையால் தூக்கும் சுமை 55 கிலோவைத் தாண்டக்கூடாது என்று சர்வதேச தொழில் அமைப்பு 1967இலேயே பரிந்துரைத்தது. எமது ஆலைகளிலும் லொறிகளிலும் அதைவிடக் கூடிய மூடைகளைத் தோளில் ஏற்றியவர்கள் பலர்.

நாரி நோவு வந்த முதல் ஓரிரு நாள் பாரமான வேலையை விடலாம். ஆனால் படுக்கையிலேயே கிடக்க வேண்டாம். வீட்டுக்குள்ளும் வளவுக்குள்ளும் நடவுங்கள். பிறகு இவற்றைச் செய்யலாம்.

ஒன்று: பாயில் மல்லாந்து படுத்து முழங்கால்களை மடியுங்கள். நாரியை நிலத்தோடு மெல்ல அழுத்தி ஐந்து எண்ணும் வரை வைத்து விடுங்கள். 10 தடவை.

இரண்டு: அதே நிலையில் ஒரு முழங்காலை இரு கைகளாலும் நெஞ்சுப் பக்கம் இழுத்து 15 விநாடி வையுங்கள். பக்கத்துக்கு மூன்று தடவை.

மூன்று: முழங்கால்கள் மடிந்திருக்க, இடுப்பை நிலத்திலிருந்து உயர்த்தித் தோளிலிருந்து முழங்கால் வரை நேராக்குங்கள். ஐந்து எண்ணி இறக்குங்கள். 8 தடவையில் தொடங்கி 15 வரை கூட்டுங்கள். பாரம் தூக்குவோருக்கு மிகவும் தேவையான பயிற்சி இது. பின்தொடையும் பிட்டமும் பலமானால் நாரியின் சுமை குறையும்.

நான்கு: கையும் முழங்காலும் ஊன்றி, முதுகைப் பூனைபோல மேலே வளைத்து, பின் மெல்லக் கீழே இறக்குங்கள். 10 தடவை.

ஐந்து: நடை. பத்து நிமிடத்தில் தொடங்கி, வாரம்தோறும் ஐந்து நிமிடம் கூட்டி, அரை மணித்தியாலம் வரை.

நோவு பிட்டத்திலிருந்து காலுக்குள் மின்சாரம் போல இறங்கினால் நரம்பு எரிச்சலடைந்திருக்கிறது. குப்புறப் படுத்து முழங்கைகளை ஊன்றி இரண்டு நிமிடம் இருந்து பாருங்கள். காலில் இருந்த நோவு நாரிப் பக்கமாகச் சுருங்கி வந்தால் நல்ல அறிகுறி, அதைத் தொடரலாம். மேலும் கீழே இறங்கினால் நிறுத்துங்கள். காலிறங்கும் நோவுகளில் பெரும்பாலானவை சத்திரசிகிச்சை இல்லாமல் சில மாதங்களில் குறைகின்றன. பாதம் மேலே உயர்த்த முடியாமல் தொங்கினால் காத்திருக்க வேண்டாம்.

வேலையில்: மருந்துத் தாங்கியைப் பாதி நிரப்புங்கள். நிலத்திலிருந்து தூக்கிச் சுழற்றாமல், உயரமான இடத்தில் வைத்து இரண்டு வார்களையும் மாட்டுங்கள். தோணியைத் தள்ளும்போதும் மூடை தூக்கும்போதும் பாரத்தை உடலோடு ஒட்ட வையுங்கள். திரும்ப வேண்டுமானால் இடுப்பை முறுக்காமல் கால்களை மாற்றித் திரும்புங்கள்.

தோள்மூட்டு

நனைந்த வலையை ஆயிரம் தடவை எறியும் தோளில், மூட்டைச் சுற்றிய தசைநார்கள் எரிச்சலடைகின்றன. கையைப் பக்கவாட்டில் உயர்த்தும்போது இடையில் நோவு வரும்; அந்தப் பக்கம் சரிந்து படுக்க முடியாது. கரைவலை இழுப்போரும், துடுப்புப் போடுவோரும், உயரத்தில் கை வைத்து வேலை செய்யும் மேசன்மாரும் இதையே சொல்வார்கள்.

நோவு கடுமையாக உள்ள நாட்களில்: நல்ல கையைக் கதிரையில் ஊன்றிக் குனிந்து, நோவுள்ள கையைத் தொங்கவிட்டு, சிறு வட்டமாக ஆட்டுங்கள். ஒரு நிமிடம், நாளுக்கு மூன்று வேளை.

நோவு சற்றுத் தணிந்ததும்: சுவரைப் பார்த்து நின்று விரல்களால் சுவரில் ஏறுங்கள். எட்டிய உயரத்தில் ஓர் அடையாளம் போடுங்கள். நாளுக்கு 10 தடவை. உயரம் கூடுவதைக் கண்ணால் காண்பது மனதுக்கும் பலம்.

பலப்படுத்த: பழைய சைக்கிள் டியூப்பை நீளவாக்கில் வெட்டிக் கதவுப் பிடியிலோ தூணிலோ கட்டுங்கள். முழங்கையை விலாவோடு ஒட்டி, 90 பாகையில் மடித்து, கையை வெளிப்பக்கம் மெல்ல இழுத்து மெல்ல விடுங்கள். 10 தடவை, மூன்று சுற்று, ஒருநாள் விட்டு ஒருநாள். பிறகு டியூப்பை இரு கைகளாலும் பின்னால் இழுத்துத் தோள்பட்டைகளை நெருக்குங்கள். குறைந்தது ஆறு வாரம் செய்தால்தான் வித்தியாசம் தெரியும். பன்னிரண்டு வாரம் தேவைப்படலாம்.

சீனி வருத்தம் உள்ளவர்களுக்குத் தோள் இறுகிப்போகும் நிலை மற்றவர்களைவிட அதிகம் வரும். முதுகு தேய்க்கவும், தலை வாரவும், சட்டை போடவும் முடியாது. இது ஒன்று முதல் மூன்று வருடம் வரை நீடித்துப் பின் தளரும். சீனியைக் கட்டுப்படுத்துவதும் மென்மையான நீட்டல் பயிற்சியும் சேர்ந்தே நடக்க வேண்டும். வலோற்காரமாகக் கையை முறுக்கி "உடைத்து விடுவது" ஆபத்து.

முழங்கால்

ஐம்பது வயதைத் தாண்டிய பெண்கள் வைத்தியசாலைக்கு வரும் காரணங்களில் முழங்கால் தேய்வு முக்கியமானது. "தேய்ந்துவிட்டது, இனி நடக்கக்கூடாது" என்று பலர் நினைக்கிறார்கள். உண்மை மறுபக்கம். தொடைத் தசை முழங்காலின் அதிர்ச்சி தாங்கி. நடக்காவிட்டால் அது மெலிந்து, முழுப் பாரமும் மூட்டில் விழும்.

காலை நீட்டி இருந்து, முழங்காலின் கீழ் சுருட்டிய துவாயை வைத்து, துவாயை நிலத்தோடு அழுத்தித் தொடையை இறுக்குங்கள். ஐந்து எண்ணுங்கள். 10 தடவை, நாளுக்கு இரு வேளை.

மல்லாந்து படுத்து, ஒரு காலை மடித்து, மற்றக் காலை நேராக ஒரு சாண் உயர்த்தி ஐந்து எண்ணி இறக்குங்கள். பக்கத்துக்கு 10.

கதிரையில் இருந்து கையை ஊன்றாமல் எழுந்து மெல்ல இருங்கள். ஆரம்பத்தில் கதிரையில் தலையணை வைத்து உயர்த்தலாம். 5 தடவையில் தொடங்கி 15 வரை. வீட்டில் செய்யக்கூடிய முழங்கால் பயிற்சிகளில் மிகப் பயனுள்ளது இது.

உடல் நிறை கூடியவர் ஒரு கிலோ குறைத்தால், ஒவ்வொரு அடியிலும் முழங்காலில் விழும் சுமை சுமார் நான்கு கிலோ குறைகிறது. பாய் இழைப்போர், காய்கறி வெட்டுவோர் அரை மணிக்கொரு தடவை எழுந்து நடவுங்கள். தாழ்ந்த பலகையில் இருப்பது வெறும் நிலத்தைவிட நல்லது. ஊன்றுகோல் பிடிப்பவர்கள் நோவுள்ள காலின் எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும். பலர் அதே பக்கத்தில் பிடித்து நாரியையும் கெடுத்துக்கொள்கிறார்கள். கோலின் உயரம், கையைத் தொங்கவிட்டு நிற்கும்போது மணிக்கட்டு மடிப்பு அளவு இருக்க வேண்டும்.

2006இன் இறுதியில் கிழக்கில் சிக்குன்குன்யா பரவியதை மூத்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். இடம்பெயர்வும் அந்தக் காய்ச்சலும் ஒன்றாக வந்த காலம் அது. அந்த நோயின் பின் மூட்டு நோவு சிலருக்கு மாதக்கணக்கிலும் வருடக்கணக்கிலும் நீடிக்கும். காலை இறுக்கம் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் நீடித்து, இரு கைகளின் சிறு மூட்டுகளும் வீங்கினால், அது தேய்வு அல்ல. வாதநோயா என்று இரத்தப் பரிசோதனை தேவை.

முழங்கை, மணிக்கட்டு

தேங்காய் துருவுவோர், தச்சர், தறியில் நெய்வோர் ஆகியோருக்கு முழங்கையின் வெளிப்புறத்தில் நோவு வரும். அரை லீற்றர் தண்ணீர்ப் போத்தலைக் கையில் பிடித்து, முன்னங்கையை மேசையில் வைத்து, உள்ளங்கை கீழே பார்க்க, மற்றக் கையின் உதவியோடு மணிக்கட்டை உயர்த்துங்கள். பின் உதவியின்றி நான்கு எண்ணி மெல்ல இறக்குங்கள். 15 தடவை, மூன்று சுற்று.

இரவில் பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் விறைத்து எழுப்பினால் மணிக்கட்டில் நரம்பு நெரிபடுகிறது. மணிக்கட்டை நேராக வைக்கும் பட்டியை இரவில் கட்டிப் படுத்தால் பலருக்குக் குறையும். பெருவிரல் மேட்டின் தசை மெலியத் தொடங்கினால் வைத்தியரிடம் போக வேண்டும்.

குதிக்கால், கணுக்கால்

காலையில் முதல் அடி வைக்கும்போது குதிக்காலில் ஆணி ஏறுவது போன்ற நோவு, சற்று நடந்ததும் குறைந்தால், அது பாதத்தின் அடிச்சவ்வு நோவு. படியின் விளிம்பில் நின்று, விரல்களின் கீழ் சுருட்டிய துவாயை வைத்து, மூன்று எண்ணி எழும்பி, இரண்டு எண்ணி நின்று, மூன்று எண்ணி இறங்குங்கள். 12 தடவை, ஒருநாள் விட்டு ஒருநாள். சீமெந்துத் தரையில் வெறுங்காலோடு நிற்பதைக் குறையுங்கள்.

கணுக்கால் சுளுக்கில் நான்கு அடி நடக்க முடிந்து, கணுக்கால் எலும்பு முனைகளில் அழுத்த நோவு இல்லாவிட்டால் முறிவு இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. முதல் மூன்று நாள் காலை உயர்த்தி, துணி சுற்றி, தாங்கக்கூடிய அளவு நடவுங்கள். அந்த நாட்களில் சூடான எண்ணெய் போட்டு நீவ வேண்டாம், வீக்கம் கூடும். பிறகு ஒற்றைக்காலில் சுவரைப் பிடித்து அரை நிமிடம் நிற்கப் பழகுங்கள். இந்தச் சமநிலைப் பயிற்சியை விட்டவர்களுக்குத்தான் அதே கால் திரும்பத் திரும்பச் சுளுக்கும்.

போர்க் காயங்களோடு வாழ்பவர்களுக்கு

செல் துண்டுகள்: உடலில் தங்கிய துண்டுகள் எல்லாவற்றையும் எடுக்க வேண்டியதில்லை. தேடி வெட்டுவது பல நேரம் துண்டைவிடக் கூடிய சேதம் செய்யும். ஆனால் அந்த இடம் சிவந்து, சீழ் பிடித்தால், துண்டு நகர்ந்து நரம்பில் குத்தினால், அல்லது மூட்டுக்குள் ஈயச் சன்னம் இருந்தால் வைத்தியரிடம் காட்ட வேண்டும். மூட்டு நீரில் ஈயம் கரைந்து இரத்தத்தில் கலக்கலாம். மிக முக்கியம்: எம்ஆர்ஐ ஸ்கான் எடுக்கச் சொன்னால், உடலில் உலோகத் துண்டு இருப்பதை முன்கூட்டியே சொல்லுங்கள். அந்த இயந்திரம் சக்திவாய்ந்த காந்தம். கண், மூளை, முள்ளந்தண்டு ஆகியவற்றின் அருகே உள்ள துண்டு அசைந்தால் ஆபத்து. எக்ஸ்ரே, சிடி ஸ்கானில் அந்தப் பயம் இல்லை.

கால் இழந்தவர்கள்: ஆசியாவின் வாழ்க்கைக்கு ஏற்ற செயற்கைக் காலாக ஜெய்ப்பூர்க் கால் 1960களின் இறுதியில் இந்தியாவில் உருவானது. குந்தி இருக்கவும், வெறுங்காலோடு நடக்கவும், சேற்றில் இறங்கவும் அது இடம் கொடுத்தது. யாழ்ப்பாணத்தில் 1987இல் தொடங்கிய ஜெய்ப்பூர் நிலையம் அந்த நுட்பத்தை எமது மக்களிடம் கொண்டுவந்தது. ஆனால் எந்தக் காலும் உடலுக்குப் பொருந்தியிருக்க வேண்டும். நிறை கூடினாலோ குறைந்தாலோ கிண்ணம் பொருந்தாது. அப்போது நொண்டி நடந்து நாரியும் மற்ற முழங்காலும் கெடும். மாலையில் கால் கழற்றியதும் கண்ணாடி வைத்துத் தோலைப் பாருங்கள். பத்து நிமிடத்தில் மறையாத சிவப்பு இருந்தால் கிண்ணத்தைத் திருத்த வேண்டும். முழங்காலுக்குக் கீழே இழந்தவர்கள் முழங்காலின் கீழ் தலையணை வைத்துப் படுக்கக்கூடாது. மூட்டு மடிந்தபடி இறுகும். முழங்காலுக்கு மேலே இழந்தவர்கள் நாளுக்கு இரண்டு தடவை, இருபது நிமிடம் குப்புறப் படுங்கள், இடுப்பு இறுகாது. நல்ல காலுக்கும் கதிரைப் பயிற்சியைக் கட்டாயம் செய்யுங்கள். இனி உங்களைச் சுமக்கப்போவது அதுதான்.

முள்ளந்தண்டு காயப்பட்டவர்கள்: சக்கர நாற்காலியில் இருப்பவர் அரை மணிக்கொரு தடவையாவது முன்னால் அல்லது பக்கமாகச் சரிந்து, ஏறக்குறைய இரண்டு நிமிடம் பிட்டத்தின் அழுத்தத்தைக் குறைக்க வேண்டும். கைகளால் உடலை உயர்த்துவதை மட்டும் நம்பினால் தோள் தேயும். படுக்கையில் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை திரும்ப வேண்டும். கழுத்து அல்லது மேல் முதுகில் காயப்பட்டவருக்குத் திடீரெனக் கடும் தலையிடியும் முக வியர்வையும் வந்தால், உடனே நிமிர்த்தி இருத்தி, சிறுநீர்க் குழாய் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். குறையாவிட்டால் அவசர சிகிச்சை தேவை.

சித்திரவதைக்கு உட்பட்டவர்கள்: கைகளைக் கட்டித் தொங்கவிடப்பட்டவர்களுக்குத் தோள் நரம்புகளிலும், அடிபாதத்தில் அடிக்கப்பட்டவர்களுக்கு நடக்கும்போதும் வருடக்கணக்கில் நோவு இருக்கும். பலர் இதை எவரிடமும் சொல்வதில்லை. முழுக் கதையையும் சொல்லத் தேவையில்லை. "முன்பு காயம் பட்டது, தொடும் முன் சொல்லுங்கள், மின்சாரக் கருவி வேண்டாம், கதவு திறந்திருக்கட்டும்" என்று மட்டும் சொல்லலாம். ஆணோ பெண்ணோ, தனக்கு ஒத்த பாலினச் சிகிச்சையாளரைக் கேட்கலாம். எந்த நேரத்திலும் "நிறுத்துங்கள்" என்று சொல்வது நோயாளியின் உரிமை.

எண்ணெய், குளிசை, பட்டி

எண்ணெய் போட்டு நீவுவது தசையைத் தளர்த்தும்; மனதுக்கும் ஆறுதல். நாட்பட்ட நோவில் அது நல்லதே, பயிற்சியோடு சேர்ந்தால். முறிவு நெரிவு வைத்தியரிடம் போவோர், முதலில் எக்ஸ்ரே எடுத்து முறிவு எங்கே என்று தெரிந்துகொள்ளுங்கள். கட்டிய பின் விரல் நீலம் பூத்தால், விறைத்தால், நோவு ஏறிக்கொண்டே போனால், கட்டை உடனே அவிழ்க்க வேண்டும்.

கடையில் வாங்கும் டைக்குளோபினாக் போன்ற குளிசைகள் சில நாளுக்கு உதவும். மாதக்கணக்கில் விழுங்கினால் வயிற்றில் புண், இரத்த அழுத்தம், சிறுநீரகப் பாதிப்பு வரும். வெயிலில் வியர்த்து, தண்ணீர் குடிக்காமல், இக்குளிசையும் போட்டு வயலில் நிற்பது சிறுநீரகத்துக்குப் பெரிய சுமை. காய்ச்சல் இருக்கும்போது இவற்றைத் தொடவே வேண்டாம். டெங்கு என்றால் இரத்தக்கசிவு கூடும். காய்ச்சலுக்குப் பரசிட்டமோல் மட்டும், சரியான அளவில்.

இடுப்புப் பட்டியைப் பாரம் தூக்கும் ஓரிரு மணித்தியாலம் கட்டினால் சிலருக்குத் தைரியம் தரும். நாள் முழுவதும் கட்டினால் தசை தன் வேலையை மறந்துவிடும்.

சேவையைப் பெறுவது

மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையிலும், களுவாஞ்சிகுடி, வாழைச்சேனை போன்ற ஆதார வைத்தியசாலைகளிலும் சிகிச்சை இலவசம். வெளிநோயாளர் பிரிவிலோ கிளினிக்கிலோ, "இயன் மருத்துவரிடம் அனுப்ப முடியுமா?" என்று நீங்களே கேளுங்கள். பலருக்கு அந்தக் கேள்வி கேட்கலாம் என்பதே தெரியாது.

படுவான்கரை மக்களுக்குத் தூரம் பெரிய தடை. 2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்படும் வரை கொக்கட்டிச்சோலைப் பக்கத்தவர்கள் படகுப் பாதையை நம்பி இருந்தார்கள். பாலம் வந்த பின்னும் ஒரு நாள் கிளினிக் என்றால் ஒரு நாள் கூலி போய்விடும். ஆகவே போகும் ஒரு நாளை முழுதாகப் பயன்படுத்துங்கள். உங்கள் வேலை என்ன, எந்த அசைவில் நோகிறது என்று சொல்லுங்கள். கொடுக்கும் பயிற்சியை அங்கேயே அவர் முன்னால் செய்து காட்டுங்கள். எத்தனை தடவை, எத்தனை நாள் என்று எழுதி வாங்குங்கள். கூட வந்தவரைக் கைபேசியில் படம் பிடிக்கச் சொல்லலாம். எவ்வளவு நாளில் முன்னேற்றம் எதிர்பார்க்கலாம், எப்போது திரும்ப வரவேண்டும் என்ற இரண்டு கேள்விகளையும் கேட்காமல் வராதீர்கள்.

ஊன்றுகோல், சக்கர நாற்காலி, மாற்றுத்திறனாளி உதவிகளுக்குப் பிரதேச செயலகத்தில் உள்ள சமூக சேவை உத்தியோகத்தரை அணுகலாம். இது பிச்சையல்ல. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் இந்நாட்டில் இருக்கிறது. அது தொடர்பான ஐக்கிய நாடுகள் சமவாயத்தையும் இலங்கை 2016இல் ஏற்றுக்கொண்டது.

ஆறு வாரத் திட்டம்

முதல் இரண்டு வாரம்: உங்கள் நோவுக்குரிய இரண்டு பயிற்சிகளை மட்டும் தெரிவு செய்யுங்கள். சொன்ன எண்ணிக்கையில் பாதி. தினமும் பத்து நிமிட நடை.

மூன்றாம், நான்காம் வாரம்: முழு எண்ணிக்கை. இன்னொரு பயிற்சியைச் சேருங்கள். நடை இருபது நிமிடம்.

ஐந்தாம், ஆறாம் வாரம்: சுற்றுகளைக் கூட்டுங்கள். விட்டிருந்த வேலையில் பாதியைத் திரும்பத் தொடங்குங்கள்.

சுவரில் உள்ள கலண்டரில் செய்த நாளுக்கு ஒரு புள்ளி வையுங்கள். "நோவு எவ்வளவு?" என்று தினமும் அளப்பதைவிட, "இந்த வாரம் எவ்வளவு தூரம் நடந்தேன், எத்தனை வலை எறிந்தேன், பிள்ளையைத் தூக்கினேனா?" என்று அளவிடுங்கள். செயல் முதலில் கூடும். நோவு பிறகுதான் குறையும். ஆறு வாரத்தில் எந்த மாற்றமும் இல்லாவிட்டால், அது உங்கள் பிழையல்ல. வைத்தியரிடமோ இயன் மருத்துவரிடமோ திரும்பிப் போய்ப் பயிற்சியை மாற்றிக் கேளுங்கள்.

போர் முடிந்து பல வருடங்கள் கடந்தும், அதன் பாரத்தைத் தம் மூட்டுகளில் சுமப்பவர்கள் எம்மிடையே இருக்கிறார்கள். "இதெல்லாம் எங்கட விதி" என்று அவர்கள் சொல்லும்போது நாம் தலையாட்டிவிட்டுப் போய்விடுகிறோம். இதைப் படித்த நீங்கள், வாசிக்க முடியாத ஒருவருக்கு ஒரு பயிற்சியைப் பாயில் படுத்துச் செய்து காட்டினால் போதும். அவருடைய சிகிச்சை அங்கே தொடங்கும்.